வடிகட்டிய முதல் தம்ளர்

என் மூத்த பிள்ளையைக் கொண்டுபோனது தண்ணீர்தான். பேதி என்றார்கள் ஆஸ்பத்திரியில். குடித்த தண்ணீர் சரியில்லை என்று நர்சம்மா என்னிடம் தனியாகச் சொன்னாள். அதிலிருந்து எனக்கு எந்தத் தண்ணீர் மேலும் நம்பிக்கை கிடையாது. கோவில்பதாகையில் ஊர்க் கிணற்றில் எங்கள் சேரி ஆட்கள் இறைக்கக் கூடாது. ஏரிக்குள் ஊற்றுத் தோண்டி மொண்டு வருவோம். காய்ச்சலாம் என்றால் யுத்த காலம், சோறு வேகவே விறகு கிடைக்காது. மணலும் கரியும் போட்ட பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வடிகட்டினேன். அப்படியும் இரண்டாவது பிள்ளைக்குப் புகட்டுமுன் தம்ளருக்குள் உற்று உற்றுப் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரர் ஆவடி மிலிட்டரி டிப்போவில் மூட்டை தூக்கினார். டிப்போ வாசலில் தண்ணீர் வடிகட்டும் பில்டர் விற்றுக்கொண்டிருந்த ஒரு பட்டணத்து ஆளை ஒரு நாள் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

"தொரைங்க ஊட்ல எல்லாம் இதான் கீதாம். புள்ளைக்கு வாங்கிடலாம்மே" என்றார்.

பீங்கான் ஜாடி, அடியில் குழாய், உள்ளே மெழுகுவத்தி மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி. அந்தக் கட்டிக்குள் நுழைந்து வரும் தண்ணீர் சுத்தமாகிவிடுமாம். நான் நம்புவேனா?

அந்த ஆள் எங்கள் வாசலுக்கே வரவில்லை. தெரு முனை வேப்பமரத்தடியிலேயே ஜாடியை இறக்கினார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. குடத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "நீயே ஊத்தும்மா" என்றார். குழாயையும் என்னையே திறக்கச் சொன்னார். விற்கிற பொருளை விட்டு இப்படி ஒதுங்கி நிற்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. என்னமோ தில்லுமுல்லு இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். வெயிலில் அவருக்கு உதடு காய்ந்துகிடந்தது. வாய் மட்டும் கிருமி, கிருமி என்று ஓயவில்லை. குளத்துத் தண்ணீரில் ஒரு வாய் குடித்தாலும் ஆளைத் தூக்கிவிடுமாம்.

வெகுநேரம் கழித்துத் தண்ணீர் சொட்டியது. தெளிவாகத்தான் இருந்தது. ஒரு தம்ளரில் பிடித்து அவரிடம் நீட்டினேன்.

"மொதல்ல நீங்க குடிங்க. அப்பால எம்புள்ள குடிக்கட்டும்."

"இப்பதான் காப்பி சாப்பிட்டேம்மா."

"காப்பி குடிச்சா தண்ணி எறங்காதா?"

"இன்னிக்கு விரதம்" என்றார்.

காப்பியும் குடிப்பாராம், விரதமும் இருப்பாராம். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"பாத்தியாய்யா? விக்கிறவரே குடிக்கல. இத்தப் போயி நம்ம புள்ளைக்குக் குடுக்கச் சொல்றியே" என்று வீட்டுக்காரரிடம் பாய்ந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் ஜாடியில் மிச்சம் இருந்ததை மண்ணில் கவிழ்த்துவிட்டு, துணி சுற்றித் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

சும்மா விடுவேனா? தம்ளரை வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஊர்த் தெரு தொடங்குகிற இடத்தில் ஒரு குளம். எருமைகள் ஊறிக்கொண்டிருந்தன. ஜாடியைக் கரையில் வைத்தார். குந்தி உட்கார்ந்து, அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். அத்தனை தாகம்.

பில்டரில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டுத் தம்ளர்தான் அவருக்கு ஆகவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தம்ளர் அவர் கையிலேயே இருந்தது, ஒரு சொட்டுச் சிந்தாமல்.

"உனக்குத் தெரியுமாய்யா?" என்று கேட்டேன்.

"அவரு மரத்தாண்டயே நின்னுகினப்பவே தெரிஞ்சிபோச்சு. புள்ளைக்கு நல்ல தண்ணி கெடைக்குமேன்னு கம்முனு இருந்தேன்."

அந்தத் தம்ளரை வாங்கிப் பிள்ளைக்குப் புகட்டினேன். மடமடவென்று குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று தம்ளரைப் பிடித்து இழுத்தது.