எண்ணெய்த் தலையில் சூடான கம்பி

உப்பளம், இறால் பண்ணை என்று அலைந்த எனக்குச் சிலாபத்தில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. சேரும் நாளன்று காலையில், கழுத்தளவுக்கு பொப் வெட்டியிருந்த முடியைப் புசுபுசுவென்று எடுப்பாக்கிக்கொள்ள ஒரு சலூனுக்குப் போனேன். வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் தேய்த்திருந்தேன். சலூன்கார அக்கா தலையைக் கழுவவுமில்லை, எண்ணெய் வைத்தேனா என்று கேட்கவுமில்லை. சூடான கம்பியில் முடியைச் சுருட்டினார். எண்ணெயோடு முடி பொரிந்தது.

“அக்கா, புகையுது!”

“அது ஆவி தங்கச்சி, ஆடாம இருங்க.”

காது சுட்டதும் உதறிக்கொண்டு எழுந்தேன். ஒரு பக்கத்து முடி கருகிக் கம்பியோடு போய்விட்டது.

“எண்ணெய் வச்சிட்டு வந்தது உங்கட பிழை” என்றார்.

தென்னந்தோட்டங்களுக்கு நடுவில் கடை வைத்தவரிடம் எண்ணெய் வைக்காத தலையா வரும்? ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

மிச்சத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு அன்றே வேலைக்குப் போனேன். இப்போதெல்லாம் எந்தச் சலூனிலும், “முதல்ல தலையைக் கழுவுங்க” என்கிறேன். முகம் சுளித்தால் கதிரையில் உட்காருவதே இல்லை.