மிச்சமில்லை என்று வந்த கடிதம்

அந்த ஐப்பசியில் மரியபுஷ்பத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தறியில் நாடாவை எறிவாள், பாதியில் எழுந்து வாசலுக்குப் போவாள், திரும்பி வந்து தறிக்குழியில் இறங்குவாள். எடப்பாடிப் பக்கம் நெசவு நெய்கிற வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். புருஷன் சின்னப்பன் யுத்தத்தில் பட்டாளத்து லாரி ஓட்ட பர்மாவுக்குப் போனவன். கூடப் போன நாமக்கல்காரன் ஒருவன் கால் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி எழுதியிருந்தான்: குண்டு விழுந்தது, சின்னப்பன் இருந்த கூட்டத்தில் ஒருத்தரும் மிச்சமில்லை.

மாமியார் அந்தோணிமேரி அழுது முடித்து, கல்லறைத் திருநாளில் செபத்துக்காக வாசிக்கிற செத்தவர்கள் பட்டியலுக்கு மகன் பேரைக் கொடுத்துவிட்டு வந்தாள். தெரிந்ததுதான் தாமதம், கையில் ஒட்டிய கஞ்சிப்பசையோடு மரியபுஷ்பம் கோயிலுக்கு நடந்தாள். பிடிவாதக்காரி என்றார்கள். இருக்கட்டும், பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு என்ன இருந்தது?

கோயிலில் வேதம் வாசித்துச் சொல்லித்தருகிற உபதேசியார் சவரியார் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரரு பேரை அடிச்சுடுங்க."

"ஒருத்தரும் மிச்சமில்லைன்னு எழுதியிருக்குதே, அம்மிணி."

"போன வாரம் நீங்க வாசிச்சதும் அப்படித்தானுங்க. சவுல் ராசா அமலேக்குச் சனத்தைக் கைக்கொழந்தை வரைக்கும் வெட்டி ஒழிச்சாருன்னீங்க. நேத்து தாவீது கதையில அதே சனம் வந்து ஊரைக் கொளுத்துச்சுன்னீங்க. செத்தவங்க எப்படீங்க வந்தாங்க?"

சவரியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சண்டைச் சேதின்னா அப்படித்தான் சொல்லுவாங்க. கையில சிக்குனவனைத்தான் வெட்ட முடியும். ஓடுனவனை யாரு எண்ணுனா?"

"அதையேதானுங்க நானும் கேக்கறேன். நாமக்கல்காரரு எண்ணுனாருங்களா? அவரே கால் போயிக் கெடந்தவரு."

"வேதத்தையும் காயிதத்தையும் ஒண்ணாக் கட்டாத."

"வேதத்துலயே ஆள் மிஞ்சறாங்க. காயிதத்துல மிஞ்ச மாட்டாங்களா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். சின்னப்பன் பேரைக் கோடிழுத்து அடித்தார்.

சேதி கேட்ட அந்தோணிமேரி அன்று ராத்திரி வீட்டில் சோறு போட்டு வைத்த பிறகுதான் வாய் திறந்தாள். "உன் பேச்சே நெசமா இருக்கட்டும் அம்மிணி. இல்லீன்னா? செத்தவங்க பாவம் தீர உத்தரிக்கிற நெருப்புல என் மவன் வேகறப்ப ஒரு செபம்கூட இல்லாமப் பண்ணிட்டியே."

இதை மரியபுஷ்பம் யோசித்திருக்கவில்லை. அன்றிலிருந்து தறியில் தொட்ட இழையெல்லாம் அறுந்தது.

கல்லறைத் திருநாளன்று காலையில் பட்டியல் வாசித்தார்கள். சின்னப்பன் பேர் வரவில்லை. அவள் எதிர்பார்த்த நிம்மதியும் வரவில்லை. கடைசியில், நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள் என்றார் உபதேசியார். மாமியார் முட்டி போட்டாள். மரியபுஷ்பம் நின்றாள், பிறகு அவளும் போட்டாள். யாரோ எவருக்கோ என்றுதான் தொடங்கினாள். பாதி மந்திரத்தில் அவன் முகம் வந்து நின்றுகொண்டது. போ என்று சொல்லிப் பார்த்தாள், போகவில்லை.