செல்வராஜ் அண்ணனின் கொப்பியும் நான் சொல்லாமல் விற்ற காரும்

தரம் பத்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது செல்வராஜ் அண்ணனின் மனைவி ராணி அக்காவின் அழைப்பு வந்தது. "டீச்சர், அவரு காலையில போயிட்டாருங்க," என்றார். நெஞ்சுவலி என்று பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம். அக்கா அழவில்லை.

ஹாலிஎலயில் கராஜ் வைத்திருந்த செல்வராஜ் அண்ணனை இதை வாசிக்கும் பலர் அறிவீர்கள். பழைய கார் வாங்குமுன் இஞ்சினைப் பார்க்கச் சொல்லி அவரிடம் போவோம். அவரோ முதலில் காரின் இரும்பில் பொறித்த சாசி நம்பரைத் தேடுவார். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார். பதிவுப் புத்தகத்தில் நம்பர் இருக்கிறதே என்று ஒருமுறை சொன்னேன். "அது மனுசன் எழுதினதுங்க. இரும்புல உள்ளதப் பாப்போம்," என்றார்.

அந்த நம்பரைத் தயாரிப்பாளரின் ஜப்பானிய இணையப் பக்கத்தில் தட்டுவார். பாதுகாப்புக் குறைபாட்டுக்காகக் கம்பனி திரும்ப அழைத்த காரா, அழைத்திருந்தால் பழுது நீக்கப்பட்டதா என்று அது காட்டும். நம்பரே கிடைக்கவில்லை என்று வந்தால் நாங்கள் நிம்மதியடைவோம். அவர் அடையமாட்டார். "காணலன்னா குறை இல்லன்னு அர்த்தமில்லைங்க," என்று கொழும்பு ஏஜன்சிக்கு அழைத்துக் கேட்பார்.

இந்தப் பிடிவாதம் எனக்கு மிகையாகவே பட்டது. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளை மூடிய மீரியபெத்த மண்சரிவில் அவருடைய தங்கை குடும்பமே இறந்துபோயிருந்தது. அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினார். "முன்னாடியே எச்சரிச்சாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க டீச்சர். யாருகிட்ட சொன்னாங்கன்னு கேட்டேன். அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல."

போன வருடம் என் வெள்ளைக் காரை விற்கத் தீர்மானித்து அவரிடம் கொண்டுபோனேன். எட்டு வருடம் ஓட்டிய கார். வாங்கும்போது அவரிடம் காட்டியிருக்கவில்லை. கம்பனி திரும்ப அழைத்த கார், முன்பக்கப் பயணி இருக்கையின் காற்றுப்பை, அதாவது ஏர்பேக், இன்னும் மாற்றப்படவில்லை என்று திரை காட்டியது. விபத்தில் அது விரியும்போது உள்ளே இருக்கும் உலோகக் கலம் வெடித்து, துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயலாம். இலவசமாக மாற்றித் தருவார்கள். ஆனால் கொழும்புக்குப் போக வேண்டும், உதிரிப்பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இத்தனை வருடமும் அம்மா அந்த இருக்கையில்தான் வந்தார், ஒன்றும் ஆகவில்லையே என்றேன்.

"நீங்க எங்கயும் மோதலைங்களே டீச்சர்," என்றார்.

வாங்குபவர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வெலிமடையிலிருந்து ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையுடன் வந்தார்கள். நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள், நான்கு சக்கரங்களுக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அந்த வேளையில் விபத்து, வெடிப்பு என்று எப்படிப் பேச்செடுப்பது? நல்ல நேரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத நான் அதையே சாக்காக்கிப் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினாள். நான் கையசைத்தேன். போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அண்ணன் இரண்டு முறை கேட்டார். முதல் முறை, இந்த வாரம் சொல்கிறேன் என்றேன். இரண்டாம் முறை, சொல்லிவிட்டேன் என்றேன்.

கருமாதிக்குப் போனபோது ராணி அக்கா அவர் கராஜில் குறிப்பெழுதும் கொப்பியைக் கொடுத்தார். "இதுல என்னமோ டீச்சர் பேரு இருக்குங்க. எனக்கு வெளங்கல, நீங்களே வச்சுக்குங்க." பக்கம் பக்கமாகப் பென்சில் தேய்ப்புகள் ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றின் கீழும் உரியவரின் பேரும் போன் நம்பரும். பழுது நீங்கிய கார்களுக்குச் சரி அடையாளம். என் கார் இருந்த பக்கத்தில் அடையாளம் இல்லை. அதற்குப் பதில் "டீச்சர் சொல்லிட்டாங்க" என்று எழுதியிருந்தது. நான் சொன்னதை நம்பித்தான் அவர் அந்தத் தம்பதியைத் தேடிப்போகாமல் இருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் வெலிமடைக்கு அழைத்தேன். மூவரும் நலம். ஆனால் நான்கு மாதத்துக்கு முன்பே காரை ஒரு தரகரிடம் கொடுத்துவிட்டார்கள். "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர். புள்ளைய அதுலதானே வச்சிருந்தேன்," என்றாள் அந்தப் பெண். தரகரைப் பிடித்துக் கேட்டேன். பசறைப் பக்கம் யாருக்கோ போனது, பேர் நினைவில்லை என்கிறார்.

அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கொப்பிதான். சரி அடையாளம் இல்லாத மற்றப் பக்கங்களுக்கு உரியவர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்துக்கு உரியவர் யாரென்று தெரியவில்லை. வெள்ளைக் கார், பின் கண்ணாடியில் ஸ்டிக்கர் சுரண்டிய தடம் இருக்கும். அது உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவரிடமோ இருந்தால், முன் இருக்கையில் யாரையும் ஏற்றாதீர்கள். சாசி நம்பரைப் பென்சிலால் தேய்த்து என்னிடம் எடுத்து வாருங்கள். கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.