திலகவதி நம்பாத கரி

திலகவதி இறந்துவிட்டார் என்று கனடாவிலிருந்து செய்தி வந்தபோது நான் உடனே நம்பவில்லை. இரண்டு பேரிடம் விசாரித்து, அவருடைய மகளின் குரலைக் கேட்ட பிறகே அழுதேன். அறிவித்தலில் அன்பு நிறைந்தவர் என்று போட்டிருக்கிறார்கள். அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அவரிடம் நிறைந்திருந்தது சந்தேகம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில், உரும்பிராய்ப் பக்கம் செருப்புப் பசை செய்யும் சிறு தொழிற்சாலையில் அவர் இரசாயனவியலாளர். நான் இயந்திரப் பொறுப்பாளன். இறப்பரைக் கரைக்கும் தொலுயீன் கொழும்பிலிருந்து வரவேண்டும். சண்டையால் பாதை எப்போது பூட்டும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பூச்சு அறையில் பறக்கும் அதன் ஆவியை விசிறியால் இழுத்து, உயிர்ப்பூட்டிய கரி நிரப்பிய இரும்புப் பீப்பாவுக்குள் பிடிப்போம். பிறகு கொதிநீராவி விட்டு, தொலுயீனைத் திரும்ப எடுப்போம். அது திரும்பி வராவிட்டால் தொழிற்சாலையைப் பூட்டவேண்டியதுதான்.

பழைய கரி தேய்ந்துபோக, முதலாளியின் மைத்துனர் சாக்குச் சாக்காகச் சிரட்டைக் கரி கொண்டுவந்தார். திலகவதி சாக்கின் மேல்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளினார்.

"மேலை கிடக்கிறது பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளை. அடியிலை கிடக்கிறதுதான் கலியாணத்துக்குப் பிறகு," என்றார். மைத்துனர் சிரிக்கவில்லை.

சோதனைக்குக் கொஞ்சம் போட்டுப் பார்த்தபோது கரி ஆவியை நன்றாகவே பிடித்தது. எங்களுக்கெல்லாம் திருப்தி. அவர் மட்டும் நீராவி விட்ட கரியை உலர்த்தி நிறுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பாரம் கூடியிருந்தது.

"பிடிக்கிறதிலை கெட்டிக்காரன்தான். விடுறானில்லையே."

துளைகள் மிகவும் ஒடுக்கம், கொஞ்சம் அகன்ற துளையுள்ள கரி வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளிக்கு வேறு சந்தேகம்.

"வேறை வியாபாரி ஆரும் உமக்குச் சொல்லித் தந்தவனோ, பிள்ளை?"

அன்று அவர் சாப்பிடவில்லை. சிரட்டைக் கரியே பீப்பாவில் ஏறியது. வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னேன். "நான் போனா உந்தப் பீப்பாவை ஆர் பாக்கிறது?" என்றார். அதன் பிறகு தினமும் காலையில் பீப்பாவைத் தொட்டுப் பார்க்காமல் அவர் வேலை தொடங்கியதில்லை.

ஒரு திங்கட்கிழமை உள்ளங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்தார்.

"நீராவி விட்டனீரோ?"

"இல்லை."

"அப்ப ஏன் சுடுது? தொலுயீனோடை என்னத்தைக் கலந்தனீர்?"

"ஒண்டும் கலக்கேல்லை. சத்தியமாய்."

விசிறியின் விசையில் என் கை இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து பீப்பாவை நிரப்பினார். கரி முழுவதும் நாசம். முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசினார். சத்தியம் பண்ணியும் நம்பவில்லையே என்று எனக்கும் நெஞ்சு கொதித்தது.

மூடியைத் திறந்தபோது நடுக்கரி வெந்து சாம்பலாகியிருந்தது. தொலுயீன் தட்டுப்பாட்டுக்கு முதலாளி சனிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் கீற்றோன் என்ற வேறொரு திரவத்தைக் கலந்திருக்கிறார். கரிக்குள் தேங்கினால் அது தானாகவே சூடேறும். விசிறி இழுக்கும் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் பூச்சு அறையில் பெண்கள் வேலைக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி மன்னிப்புக் கேட்டார். அதையும் அவர் நம்பவில்லை. "முதல்லை கரியை மாத்துங்கோ, பிறகு பாப்பம்," என்றார். மாற்றினார்கள்.

நான் சொன்னது உண்மை. அதை அவர் நம்பியிருந்தால் நான் விசையைப் போட்டிருப்பேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் வாழ்ந்த நாட்கள் எல்லாம்.