கொரியாக் கடல்

மதிய ஷிப்டுக்கு நான் போகும் கேளம்பாக்கம் பஸ்ஸில், தாம்பரத்தில் மீன் விற்றுவிட்டு ஊர் திரும்பும் ஓர் அக்கா பக்கத்தில் வந்து உட்காருவார். காலடியில் காலிக் கூடை, கையில் செதில் ஒட்டிய போன். அதில் தமிழ் பேசும் கொரியா சீரியல் ஓடும். அவர் தூங்கிவிடுவார், மிச்சத்தை நான் பார்ப்பேன்.

அன்று கதையில் புயல். நாயகியின் புருஷன் மீன் பிடிக்கப் போன படகு மட்டும் கரை ஒதுங்கியது.

அக்கா கண் விழித்தார். "இன்னாபா, அவன் கரைக்கு வந்துட்டானா?"

எனக்கும் அசதி. இன்னொரு அழுகையைப் பார்க்கத் தெம்பில்லை. "வந்துட்டான்க்கா" என்றேன்.

"ஏற்கெனவே பாத்த கதைதாம்பா. அந்த எடம் வந்தா கண்ண மூடிக்குவேன். யாரக் கேட்டாலும் செத்துப் பூட்டான்றாங்க. நீதான் வந்துட்டான்ற."

போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தக் கதையை அவர் மறுபடி போட்டு நான் பார்க்கவில்லை.