சித்தப்பாவை வாசலில் நிறுத்திய மழைக்காலம்

“சளிக்குப் பயந்து சொந்தச் சித்தப்பனை வாசல்லயே நிறுத்துறவள இன்னிக்குத்தாம்மா பாக்குறேன். இன்னா, காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?”

போன வருடம், 2003 கார்த்திகையில், ஆம்பூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்று சித்தப்பா கேட்டது இது. ஒரு கையில் பிரெட்டும் சாத்துக்குடியும் போட்ட பை, இன்னொரு கையில் மூக்கைத் துடைத்த கைக்குட்டை. எங்கள் பக்கம் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் போய்ப் பார்க்காமல் இருப்பது குற்றம். பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்புவது அதைவிடப் பெரிய குற்றம். அதைத்தான் நான் செய்தேன்.

உள்ளே படுத்திருந்தவன் என் தம்பி, ஆறு வயது. மறுபடியும் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, அன்றுதான் திரும்பியிருந்தான். அப்பா இல்லை. அம்மா ஷூ கம்பெனியில் தைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அதனால் வேலூரில் டாக்டர் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டதும் நான்தான்.

நோயை எதிர்க்கும் சக்தியைத் தம்பியின் உடம்பு உண்டாக்குவதில்லை. பிறவியிலேயே அப்படி. நமக்கு நாலு நாளில் போகும் சளி அவனை வாரக்கணக்கில் விடாது. அதன் பின்னாலேயே வேறு கிருமியும் நெஞ்சில் இறங்கிவிடும். மாதாமாதம் அந்தச் சக்தியை மருந்தாக டிரிப்பில் ஏற்றினால் தாங்குவான். ஆனால் இன்னொரு நிமோனியா வந்தால் நுரையீரல் பழையபடி ஆகாது என்றார் டாக்டர்.

சித்தப்பா பையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். தெருவே என்னைப் பேசியது.

சில நாள் கழித்து அம்மா கம்பெனி வேனிலிருந்து தும்மிக்கொண்டே இறங்கினார். அங்கே பாதிப் பேருக்கு ஜுரமாம். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

“நான் பெத்த புள்ளய நானே தொடக்கூடாதா?” என்றார். பிறகு மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனார்.

அங்கே நடந்ததைச் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். “இன்னா அண்ணி, உங்களுக்கே கேட் பாஸ் இல்லையா?” என்று சித்தப்பா சிரித்தாராம்.

அம்மா சிரிக்கவில்லை. “என் கூடப் பொறந்த ஆம்பளப் புள்ளைங்க ரெண்டும் கைக்குழந்தையிலயே சளி கட்டித்தான் போச்சுங்க. காத்து கருப்புன்னுட்டாங்க. இது தாய் வழியா பசங்களுக்கு வர்றதுன்னு டாக்டர் சொன்னப்பதான் எனக்கே புரிஞ்சிது. இவனாவது இருக்கட்டும்னு வந்துட்டேன்” என்று சொல்லி அழுதாராம்.

மறுநாளிலிருந்து தோல் பதனிடும் டேனரியில் வேலை விட்டதும் சித்தப்பா நேரே வந்து எங்கள் வீட்டெதிரே தெருவில் நிற்பார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். தம்பி ஜன்னலில் ஏறி, “எப்பம்மா வருவ?” என்பான். யாராவது பழத்தோடு வந்தால் சித்தப்பாவே மறித்துக்கொள்வார். “சளி இருக்குதா? இருந்தா அப்டியே ரிவர்ஸ் எடு!” இல்லை என்பவர்களையும் ஒருமுறை இருமச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

அம்மா சரியாகித் திரும்பி வந்தார். மழை விடும்வரை தெருவில் இருமல் ஓயவில்லை. தம்பிக்கும் ஒருமுறை மூக்கு ஒழுகியது. அன்றே வேலூர் பஸ் ஏறினோம், நெஞ்சுக்கு இறங்கவில்லை.

இப்போது அவனை வீட்டை விட்டே அனுப்பாதே என்கிறார் சித்தப்பா. பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்கிறார் அம்மா. எனக்கு அது போதாது, அவனும் படிக்க வேண்டும். அதனால் போன வாரம் டீச்சரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, காற்று வரும் இடமாகக் கேட்டு, அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன்.