கிளியர்

இங்கிலீசு படிக்காதவர்களும் எங்கள் ஊரில் தாராளமாகப் புழங்கிய சொல் ‘கிளியர்’. மழை விட்டால் வானம் கிளியர். வழக்கில்லாத காணிக்கு உறுதிப் பத்திரம் கிளியர். குழாய் வைத்துப் பார்த்த டாக்குத்தர் நெஞ்சு கிளியர் என்பார். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டி, கிளியர் மீன் என்று சத்தியம் செய்வார்.

சண்டைக் காலத்தில் ஆமி அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. வாவிக்குக் கிழக்கே எங்கள் பக்கம் கிளியர். மேற்கே இயக்கம் நின்ற படுவான்கரை கிளியரில்லை. சந்தைக்கு வரும் படுவான்கரைப் பெண்களோ அதையும் பகிடியாக்கி வைத்திருந்தார்கள். "தள்ளி நில்லுங்கா, நாங்க கிளியரில்லாத ஆக்கள்" என்பாள் எனக்கு மச்சாள் முறையான ஒருத்தி. சுற்றி நிற்பவர்களெல்லாம் சிரிப்பார்கள்.

அவளுடைய புருசன் டவுண் ஆசுபத்திரியில் காய்ச்சலில் செத்துப்போனார். குளிப்பாட்டி, வெள்ளை சுற்றி இறுக்கிக் கட்டிப் பெட்டியில் வைத்தோம். "இனி ஆரும் அவர அவிழ்க்கப்படா. இப்பிடியே வீட்ட கொண்டு போகோணும்" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

தண்ணீரைக் கடக்கும் பிணத்தோடு இரும்பு போகவேண்டும், இல்லாவிட்டால் பேய் கூடவரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கூட வந்த பெண்கள் அதை முணுமுணுத்தபடியே இருந்தார்கள். அவள் ஒருவருக்கும் சொல்லாமல் அவருடைய பாக்குவெட்டியை வெள்ளைக்குள் செருகிவிட்டாள்.

வாவியைக் கடக்கப் ‘பாதை’தான், தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த படகு. துறையில் ஆமிக்காரன் பெட்டியின் மேலே இரும்பு தேடும் மெஷினைப் பிடித்தான். அது கத்தியது.

அவரைத் தூக்கிப் பலகையில் கிடத்தச் சொன்னார்கள். வெள்ளையைச் சுற்றியிருந்த கட்டை வெட்டினார்கள். பாக்குவெட்டி விழுந்த பிறகும் விடவில்லை. வெள்ளையை முழுதாக உரிந்து, வைக்கோல் கட்டைப் புரட்டுவதுபோலக் காலால் புரட்டினார்கள். ஒருவன் பாக்குவெட்டியைத் திறந்து மூடி விளையாடினான். அவர்களில் பெரியவன் கையை அசைத்து, "கிளியர்" என்றான்.

ஒருவரும் அசையவில்லை. அவள்தான் கேட்டாள்:

"கிளியரெண்டா மூடலாமோ?"

தமிழ் தெரிந்த ஆமிக்காரன் தலையாட்டினான். வெட்டுப்பட்ட கட்டு எட்டவில்லை. தன் சேலைத் தலைப்பைக் கிழித்து ஒட்டுப்போட்டுக் கட்டினாள். பாக்குவெட்டியைத் தரும்படி கையை நீட்டினாள். விளையாடியவன் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

பாதை வெளிக்கிட்டதும், இரும்பு வேண்டுமென்று முணுமுணுத்த அதே பெண்கள் எழுந்து மற்றப் பக்கம் போய் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். இரும்பில்லாத பிணமாம். இவள் சும்மா இருந்திருந்தால் அந்த மனிசன் நடுத்துறையில் அம்மணமாகக் கிடந்திருக்க மாட்டார் என்றும் ஒருத்தி சொன்னாள், அவளுக்குக் கேட்கத்தக்கதாகவே. பாதை ஒருபக்கம் சாய்ந்தது. இரண்டு பக்கமும் நிரந்து இருக்கும்படி பாதைக்காரர் ஏசினார். ஒருத்தியும் வரவில்லை.

மச்சாள் பெட்டியில் கையை வைத்தபடி அவர்களைப் பார்த்தாள்.

"அங்கயே இருங்கா. நாங்க கிளியரில்லாத ஆக்கள்."

அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.